இளையோரின் மதுப்பழக்கமும் குடும்பத்தின் மௌனமும்

சிட்னி ஹோம்புஷிலும், அதற்கு மேற்கே வென்ற்வேர்த்வில், ரூங்காபி ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்செழுந்தால், அது விரைவிலேயே 'செலக்ரிவ்' பாடசாலை அனுமதிப் பரீட்சையில் வந்து நிற்கும். நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு நடத்தும் இப்பரீட்சையில் வாசிப்பு, கணிதம், எழுத்து ஆகியவற்றுடன் 'சிந்தனைத் திறன்' என்றொரு பிரிவு 2021 ஆம் ஆண்டு முதல் இடம்பெற்று வருகிறது. அப்பிரிவுக்கெனத் தனியாக ரியூஷன் வகுப்புகள் உள்ளன. இரவு வேலையில் உழைத்த பணத்தைப் பெற்றோர் அதற்குக் கட்டுகின்றனர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த சமூகமொன்று, எவராலும் பறிக்க முடியாத செல்வமெனக் கல்வியைப் பற்றிக்கொள்வதில் வியப்பேதுமில்லை.

ஆயினும், பணம் கொடுத்து வளர்த்த இந்தச் சிந்தனைத் திறனை, பிள்ளை பதினைந்து, பதினாறு வயதை எட்டும்போது மெல்ல மெல்ல அரிக்கத் தொடங்கும் ஒன்றைப் பற்றி எமது வீடுகளில் பேச்சே இல்லை. மதுபானமே அது.

இங்கு இரண்டு விடயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இளையவர் தாமே பழகிக்கொள்ளும் குடி. மற்றையது, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே குடும்பத்தில் இருந்துவரும் குடி. முதலாவது வெளிப்பட்டால் வீடே இடிந்து போகிறது. இரண்டாவதை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. இரண்டாவதை மறைப்பதனாலேயே முதலாவதைத் தடுக்கும் வாய்ப்பையும் நாம் இழந்து வருகிறோம்.

வளர்ந்து முடியாத மூளை

மனித மூளையின் வளர்ச்சி பதினெட்டு வயதில் முடிந்து விடுவதில்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது தொடர்கிறது. திட்டமிடல், விளைவை முன்கூட்டி எண்ணிப்பார்த்தல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான நெற்றிப்புறப் பகுதியே இறுதியாக முதிர்ச்சி அடைகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியும் இந்த வயதில் மதுசாரத்தினால் எளிதில் பாதிப்புறக் கூடியது. இளவயதிலேயே மதுவுக்கு அடிமையானோரின் மூளையில் இப்பகுதி ஏனையோரினதைவிடச் சிறியதாக இருப்பதை அமெரிக்க ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் சான்ட்ரா பிரவுண், சூசன் ரப்பேர்ட் முதலிய ஆய்வாளர்கள், மதுவுக்கு அடிமையாகிச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்திருந்த 15, 16 வயதுடைய 33 பேரை, மதுப்பிரச்சினை இல்லாத 24 இளையோருடன் ஒப்பிட்டனர். முதற்பிரிவினர் ஒவ்வொருவரும் தமது குறுகிய வாழ்நாளில் நூறு தடவைக்கு மேல் மது அருந்தியவர்கள். குடியை நிறுத்திச் சில வாரங்கள் கழிந்த பின்னரே அவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அப்படியிருந்தும், படித்ததையும் பார்த்ததையும் நினைவில் நிறுத்தும் ஆற்றல் அவர்களிடம் ஏறத்தாழப் பத்து வீதம் குறைந்து காணப்பட்டது. பரீட்சை மண்டபத்தில் பத்து வீதம் என்பது அற்பமானதன்று.

அவர்கள் குடிக்க முன்னரே திறன் குறைந்தவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயமானது. அக்கேள்விக்கு விடை தேடிய பின்வந்த ஆய்வுகள், குடிக்கத் தொடங்குவதற்கு முன்னரே பிள்ளைகளைப் பரிசோதித்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்தன. 2009 இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றில், கூடுதலான நாட்கள் குடித்த பெண்பிள்ளைகளிடம் உருவங்களையும் இடவமைவையும் விளங்கிக்கொள்ளும் திறனும், குடித்த மறுநாள் மயக்கம் அதிகம் கண்ட ஆண்பிள்ளைகளிடம் கவனத்தை நிலைநிறுத்தும் திறனும் பின்தங்கின. அமெரிக்காவின் ஐந்து ஆய்வு நிலையங்கள் இணைந்து 831 இளையோரைத் தொடர்ந்து வரும் பேராய்வொன்றின் 2018 ஆம் ஆண்டு முடிவுகளும் இதே திசையையே சுட்டின. அதிகம் குடிக்கத் தொடங்கியோரின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி வயதுக்குரிய அளவைவிட விரைவாகக் குறைந்து சென்றமை அதில் தெரியவந்தது.

இவை, திருமண வீடொன்றில் ஒரு மிடறு சுவைத்துப் பார்த்த பிள்ளையைப் பற்றிய முடிவுகள் அல்ல. அடிக்கடியும் அளவுக்கு மீறியும் குடித்தவர்களைப் பற்றியவை. பெற்றோர் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் 'வயதுக் கோளாறு, தானாகவே சரியாகிவிடும்' என்று விட்டுவிடும் நிலையிலும் நாம் இன்று இல்லை.

இரண்டு சுமைகள்

ரப்பேர்ட்டும் பிரவுணும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வே எமக்கு மிக முக்கியமானது. இளையவர் தாமே மதுவையோ போதைப்பொருளையோ பாவிப்பதும், அவரது குடும்பத்தில் மதுவுக்கு அடிமையானோர் இருப்பதும் சிந்தனைத் திறனை வெவ்வேறாகப் பாதிக்கும் தனித்தனிக் காரணிகள் என்பது அதன் முடிவு. எளிதாகச் சொல்வதானால், குடிக்காத பிள்ளையும் குடும்பத்திலிருந்து வந்த சுமையொன்றைச் சுமக்கக் கூடும். அந்தப் பிள்ளை குடிக்கத் தொடங்கினால் இரண்டாவது சுமையும் சேர்கிறது.

குடும்பச் சுமை பல வழிகளில் வருகிறது. மதுவுக்கு அடிமையாகும் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி பரம்பரை சார்ந்தது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடத்தப்பட்ட ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. எஞ்சியது சூழல் சார்ந்தது. இரவில் சண்டை நடக்கும் வீட்டில் பிள்ளைக்கு நித்திரை இல்லை. தந்தை எந்த மனநிலையில் கதவைத் திறப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கவனம் கணக்குப் புத்தகத்தில் நிற்பதில்லை. ஆசிரியரின் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற ஒற்றைச் சொல்லாக இது பதிவாகிறது. பெற்றோர் அதனைச் சோம்பல் என்று மொழிபெயர்க்கின்றனர்.

பரம்பரை என்பது தலைவிதி அன்று. குடிக்கு அடிமையான ஒருவரின் பிள்ளைகளுள் பெரும்பாலானோர் அடிமையாவதில்லை. ஆனால் ஏனையோரைவிட அவர்களுக்கு ஆபத்து சில மடங்கு அதிகம். அதிலும் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சான் டியாகோவின் மனநல மருத்துவர் மார்க் ஷூக்கிற் பல ஆண்டுகளாக நடத்திய ஆய்வுகளின்படி, மதுவுக்கு அடிமையானோரின் மகன்மாருள் பலருக்கு ஆரம்பத்தில் மது எளிதில் ஏறுவதில்லை. அவ்வாறு ஏறாதவர்களே பிற்காலத்தில் அடிமையாகும் வாய்ப்புக் கூடியவர்கள். எமது விருந்துகளில் 'அவன் எவ்வளவு குடித்தாலும் தளம்ப மாட்டான், தகப்பனைப் போல' என்று பெருமையாகச் சொல்லும் வசனத்தை இந்த உண்மையுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் வீரம் என்று மெச்சுவது வைத்தியரின் கண்ணுக்கு அபாய அறிகுறி.

தொடங்கும் வயதும் முக்கியமானது. பதினைந்து வயதுக்கு முன்னர் குடிக்கத் தொடங்கியோரில் 40 வீதத்துக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருகட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்ததையும், இருபது வயதின் பின் தொடங்கியோரில் அது ஏறத்தாழ 10 வீதமாக இருந்ததையும் 1997 இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு காட்டியது. தொடங்கும் வயது மட்டுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் குடும்ப வரலாறு உள்ள பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் ஒரு பாதுகாப்பு என்று கொள்வதே விவேகம்.

ஊரிலிருந்து கூடவே வந்தது

இந்தக் குடும்ப வரலாறு எமது விடயத்தில் போரின் வரலாறும் ஆகும். வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் 2002 இல் நடத்தப்பட்ட ஆய்வில், 92 வீதமானோர் கடுமையான அதிர்ச்சி தரும் நிகழ்வுகளுக்கு முகங்கொடுத்திருந்தனர். 25 வீதமானோரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்நோய்க்கு உள்ளான பிள்ளைகள் நினைவாற்றல் சோதனையிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் பின்தங்கி நின்றனர். இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவரிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு, வீட்டில் நிகழும் வன்முறையை முன்னுணர்த்தும் காரணிகளாக இரண்டைக் கண்டது. ஒன்று போர் அனுபவம். மற்றையது தந்தையின் குடி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் காயப்படுத்தியதைத் தமது நூல்களில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அக்காயத்தின் வெளிப்பாடுகளுள் குடியும் ஒன்று.

அன்று பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளுட் பலர் இன்று தாயும் தந்தையுமாக உள்ளனர். அவர்களிற் சிலர் குடிப்பது களிப்புக்காக அன்று, நித்திரை கொள்வதற்காக. பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவு வேலை அல்லது வாடகைக் கார் என்று ஓடுபவருக்கு, கண்ணை மூடியதும் வரும் காட்சிகளை அணைக்கும் மலிவான மருந்தாக மது தோன்றுகிறது. அது நித்திரையின் தரத்தையே கெடுக்கிறது என்பதும் மனச்சோர்வை ஆழமாக்குகிறது என்பதும் பிந்தியே தெரியவருகின்றன. இவர்களைக் 'குடிகாரர்' என்று ஒதுக்குவதால் பயனில்லை. ஆனால் இவர்களின் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமலிருப்பதும் பொறுப்பாகாது.

மறைப்பதற்கு எமது ஊரிலேயே ஒரு வழி இருந்தது. தவறணைக்கும் கள்ளுக் கொட்டிலுக்கும் போனவரைச் சமூகம் குடிகாரர் என்றது. வீட்டு அலுமாரியில் வெளிநாட்டுப் போத்தலைப் பூட்டி வைத்திருந்தவரைக் கனவான் என்றது. குடி என்பது ஏழைகளின் பழக்கம், குறிப்பிட்ட சாதியினரின் பழக்கம் என்று ஒதுக்கித் தள்ளியதனால், 'நல்ல குடும்பங்கள்' தமது வரலாற்றை ஒருபோதும் எழுத வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கை நாம் விமானத்தில் கூடவே கொண்டுவந்துள்ளோம். இன்றும் விலையுயர்ந்த விஸ்கி அந்தஸ்தாகவும், பூங்காவில் பியர் ரின்னுடன் அமர்ந்திருக்கும் தனியாள் அவமானமாகவும் தோன்றுகின்றனர். மூளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. போத்தலின் விலை என்னவாயினும் உள்ளிருக்கும் மதுசாரம் ஒன்றே.

'இந்த நாட்டு நாகரிகம்' என்ற குற்றச்சாட்டு

பிள்ளை குடித்தது தெரியவந்தால், 'வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து கெட்டுப்போனான்' என்பதே முதலில் எழும் பேச்சு. தரவுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 14 முதல் 24 வயதுக்கு உட்பட்ட அவுஸ்திரேலிய இளையோர் முதன்முதலில் மதுவைச் சுவைத்த சராசரி வயது 2001 இல் 14.7 ஆக இருந்தது. 2019 இல் அது 16.2 ஆக உயர்ந்தது. குடிக்காமலே இருக்கும் பதின்ம வயதினரின் தொகையும் இக்காலத்தில் பெருகியுள்ளது. இந்நாட்டு இளையோர் முன்னைய தலைமுறையைவிடப் பிந்தியே மதுவிடம் செல்கின்றனர். ஆகவே விரலை வெளியே நீட்டுவதற்கு முன் எமது விருந்துகளைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

பூப்புனித நீராட்டு விழாவாயினும் ஐம்பதாவது பிறந்தநாளாயினும், மண்டபத்தின் ஒருமூலையில் அல்லது வாகனத் தரிப்பிடத்தில் திறந்த கார் டிக்கியைச் சுற்றி ஆண்கள் கூடுவது வழமையாகிவிட்டது. ஐஸும் மிக்சரும் எடுத்துவரப் பத்து வயதுப் பையன் ஓடுகிறான். பதினாறு வயதானதும் 'இப்ப பெரியாள்' என்று அவன் கையில் ஒரு கிண்ணம் தரப்படுகிறது. கொடுப்பவர் தீயவர் அல்லர். வெளியே ஒளித்துக் குடிப்பதைவிட எங்கள் கண்முன்னே பழகட்டும் என்ற நல்ல நோக்கமே அவரிடம் உள்ளது.

அந்த நோக்கத்தை அவுஸ்திரேலிய ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்துள்ளனர். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் றிச்சர்ட் மற்றிக் தலைமையில் 1,927 பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலிருந்து ஆறு ஆண்டுகள் தொடரப்பட்டனர். 2018 ஜனவரியில் வெளியான முடிவு தெளிவானது. பெற்றோர் கொடுத்துப் பழக்குவது பிள்ளையைப் பாதுகாக்கும் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, பெற்றோரிடமிருந்து மட்டும் மது பெற்ற பிள்ளை, எவரிடமிருந்தும் பெறாத பிள்ளையைவிட, அடுத்த ஆண்டில் பிறரிடமிருந்து அதைப் பெறும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. வீட்டில் திறந்த கதவு வெளிக்கதவைப் பூட்டவில்லை.

நாட்டின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே கூறுகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் மது அருந்தவே கூடாது. வளர்ந்தோர் வாரத்துக்குப் பத்து நியம அளவுகளையும், ஒரே நாளில் நான்கையும் தாண்டலாகாது. ஒரு நியம அளவு என்பது 10 கிராம் மதுசாரம். எமது விருந்துகளில் ஒரு கிண்ணத்தில் ஊற்றப்படுவது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பிறருடைய பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, பெற்றோரின் அனுமதியின்றித் தனியார் வீட்டிலேனும் மது கொடுப்பது குற்றம். 11,000 டொலர் வரை தண்டப்பணமும் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். விக்டோரியாவிலும் 2011 முதல் இதையொத்த சட்டம் உண்டு. 'மாமா தந்தவர்' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வாகனம் ஓட்டப் பழகும் எல் அனுமதியும், முதல் இரண்டு பி அனுமதிகளும் வைத்திருப்போரின் இரத்தத்தில் மதுசாரம் சிறிதும் இருத்தலாகாது என்பதும் எமது இளையோர் மறக்கக்கூடாத விதி.

விசாவும் பயமும்

அகதி விண்ணப்பம் முடிவுறாத குடும்பங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் படகில் வந்தோரில், தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் அதில் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டுக்கு மேலாக இணைப்பு விசாவில் காலத்தைக் கடத்துவோரின் வீடுகளில் பிள்ளைகள் பதின்ம வயதை எட்டிவிட்டனர். எதிர்காலம் தெரியாத தந்தையின் குடியும், பல்கலைக்கழகம் செல்ல முடியுமா என்று அறியாத பிள்ளையின் விரக்தியும் ஒரே கூரையின்கீழ் வளர்கின்றன.

இவர்கள் வைத்தியரிடம் செல்ல அஞ்சுகின்றனர். குடியைப் பற்றி வாய்திறந்தால் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்விடும் என்ற வதந்தி அவர்களைத் தடுக்கிறது. இங்கு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். வைத்தியரிடமும் உளவள ஆலோசகரிடமும் கூறுவது இரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. உயிருக்கோ பிள்ளையின் பாதுகாப்புக்கோ கடும் ஆபத்து உள்ளபோதே அதற்கு விலக்கு உண்டு. விசாவுக்கு ஆபத்து விளைவிப்பது சிகிச்சை அன்று, சிகிச்சை பெறாத குடியினால் வரும் பொலிஸ் வழக்கே. 2013 இல் கொண்டுவரப்பட்ட விதியின்படி, ஈ வகை இணைப்பு விசா வைத்திருப்பவர்மீது குற்றம் சுமத்தப்பட்டாலே, தீர்ப்பு வருமுன்னரும் அவ்விசாவை இரத்துச் செய்ய முடியும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய ஒரு இரவு, பத்தாண்டுக் காத்திருப்பை முடித்துவிடக் கூடும்.

பேச வேண்டியது என்ன?

குடும்ப வைத்தியரின் மேசையில் எம்மவர் நிரப்பும் படிவத்தை எண்ணிப் பாருங்கள். நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, மாரடைப்பு உண்டா என்ற கேள்விகளுக்குத் தாத்தா, பாட்டி வரை நினைவுகூர்ந்து எழுதுகிறோம். பெரியப்பா ஈரல் பழுதாகி இறந்தார் என்பதை மட்டும் 'வயிற்று வருத்தம்' என்று எழுதுகிறோம். நீரிழிவு உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குச் சீனியைக் குறை என்று கூசாமல் சொல்லும் தாய், குடி உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அக்காரணத்தைச் சொல்வதில்லை. கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும், குடும்ப மானம் போய்விடும் என்ற அச்சமே காரணம்.

பிள்ளையின் கண் இதையெல்லாம் ஏற்கனவே கண்டிருக்கும். அதற்குத் தெரியாதது நிகழ்வு அன்று, அதன் பொருள். 'உன் அப்பப்பாவுக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. எனக்கும் ஓரளவு இருக்கிறது. உன் உடம்பும் அதே உடம்பு. ஆகவே மற்றவர்களைவிட நீ கூடுதலாகப் பொறுத்திருக்க வேண்டும்' என்று பதின்மூன்று வயதளவில், வெறியில்லாத ஒரு வேளையில் அமைதியாகச் சொல்லலாம். இது பழிசுமத்தல் ஆகாது. பரம்பரைச் சுமையை எவராலும் மாற்ற முடியாது. இரண்டாவது சுமையை ஏற்காதிருக்கும் தெரிவு பிள்ளையின் கையில் உள்ளது. சுமை இருப்பதே தெரியாத பிள்ளைக்கு அந்தத் தெரிவும் இல்லை.

புள்ளிகள் திடீரென வீழ்ந்தால் உடனே இன்னொரு ரியூஷனைத் தேடுவதற்கு முன், நித்திரை, மனநிலை, நண்பர்கள், மது ஆகியவற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். போரைக் கண்ட பிள்ளையிடமோ, போரைக் கண்ட பெற்றோரின் பிள்ளையிடமோ மனவடுவும் காரணமாக இருக்கலாம். எது காரணம் என்று பிரித்தறிவது வைத்தியரின் பணி. குடித்திருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. நிறுத்திய பின் சில திறன்கள் மேம்படுகின்றன. இளவயதிலேயே நிறுத்துவது மேலும் நன்று.

உதவியும் அருகில் உள்ளது. மது, போதைப்பொருள் தொடர்பான தேசியத் தொலைபேசிச் சேவை 1800 250 015 என்ற இலக்கத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் இயங்குகிறது. தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சேவையை அழைத்து, அதனூடாக இணைக்கும்படி கேட்கலாம். பதினைந்து வயது நிரம்பியோர் தமக்கெனத் தனி மெடிக்கெயார் அட்டை பெற்று வைத்தியரைத் தாமே காண முடியும். போரினாலும் சித்திரவதையினாலும் பாதிக்கப்பட்டோருக்கு, சிட்னியில் 1988 முதல் இயங்கும் 'ஸ்ராட்ஸ்' நிலையமும் மெல்பேர்ணில் 'பவுண்டேஷன் ஹவுஸ்' நிலையமும் உள்ளன.

எமது அமைப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக, 93 ஆவதாக வைத்துள்ளதை வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அப்பிள்ளைகள் வகுப்பிலிருக்கும் இரண்டு மணி நேரம் பெற்றோர் வெளியே காத்திருக்கின்றனர். ஆண்டுக்கொருமுறையேனும் அந்நேரத்தில் எம்மவரான வைத்தியர் ஒருவரை அழைத்து இவ்விடயத்தைப் பேசவைப்பது பெருஞ்செலவான காரியம் அன்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் கூடும் விழாக்களில் மது வைப்பதில்லை என்று ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு தீர்மானம் எடுப்பதற்கும் எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி உறுப்பினர்கள் எழுத்தில் கோரலாம்.